288 டிகிரி என்று சொல்லிவிட்டால் போதுமா?

9 ஜனவரி 2019, பினாங்கின் பிறை ஊரிலிருந்து ஒரு தம்பி கேட்டது

"அண்ணே, என் கொரோலா டிஎக்ஸில் ஹாஃப்கட் (பழைய காரைப் பாதியாக வெட்டி விற்கும்) கடையிலிருந்து எடுத்த டொயோட்டா 4ஏ-ஜிஇ ஸ்மால்போர்ட் எஞ்சின் ஓடுகிறது. காம் மாற்ற ஆசை, புதிய காம் வாங்கக் கையில் காசு இல்லை. பழைய காம் இரண்டையும் 288 டிகிரி, 9 மிமீ லிஃப்டுக்கு அரைத்துத் தருவதாக ஒரு கடையில் சொல்கிறார்கள். விலை புதியதில் கால்வாசிதான். காமுக்கு டிகிரியும் லிஃப்டும்தானே கணக்கு? இரண்டும் சரியாக வந்தால் யார் அரைத்தால் என்ன?"

9 ஜனவரி, இரவு

போதாது தம்பி. (புதிதாகப் படிப்பவர்களுக்கு: காம் என்பது முட்டை வடிவ மேடுகளால் வால்வுகளைத் திறக்கும் தண்டு, அந்த மேடுதான் லோப். டிகிரி என்பது வால்வு எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்று, பிஸ்டன்கள் சுற்றும் கிராங்க் தண்டின் சுழற்சியில் சொல்வது. லிஃப்ட் என்பது வால்வு எவ்வளவு தூரம் திறக்கிறது என்பது.) உயரமும் ஒன்று, நீளமும் ஒன்று என்று இரண்டு மலைப்பாதை இருக்கலாம். ஒன்றில் பாலிக் பூலாவ் பஸ் ஏறும், இன்னொன்றில் ஆடுதான் ஏறும். பாதை எங்கே செங்குத்தாகிறது, எங்கே வளைகிறது என்பதை உயரமும் நீளமும் சொல்லாது. காமும் அப்படித்தான்.

அதுவும் போக, 288 எங்கிருந்து எங்கே அளந்தது என்று கேட்டாயா? வால்வு 0.1 மிமீ எழுந்ததும் எண்ண ஆரம்பித்தார்களா, 1 மிமீ எழுந்த பிறகா? அமெரிக்கக் காம் என்றால் 0.050 அங்குலத்தில், அதாவது 1.27 மிமீயில் அளப்பார்கள். ஒரே காமை இந்த மூன்று இடத்தில் அளந்தால் மூன்று எண் வரும், முதலுக்கும் கடைசிக்கும் ஐம்பது அறுபது டிகிரி வித்தியாசம் இருக்கலாம். பெட்டியில் எழுத எப்போதும் பெரிய எண்ணைத்தான் எடுப்பார்கள்.

கடையில் இதைக் கேள். பதில் வரவில்லை என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

10 ஜனவரி

மதியம் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக் கேன்டீனில் உட்கார்ந்து எழுதுகிறேன், நீளமாகப் போகும்.

4ஏ-ஜிஇயில் காம் நேராகப் பக்கெட்டின் (வால்வின் மேல் கவிழ்த்த கிண்ணம்) தலையை அழுத்துகிறது. நடுவில் ராக்கர் என்கிற நெம்புகோல் கிடையாது. பக்கெட்டின் தலை தட்டை. காம் சுற்றும்போது, லோப் பக்கெட்டைத் தொடும் இடம் நடுவில் நிற்காது, ஓரத்தை நோக்கி நகரும். எவ்வளவு நகரும்? இதில் ஒரு அழகான விஷயம் இருக்கிறது: அந்த நகர்வு வால்வின் வேகத்துக்குச் சமம். ரேடியனுக்கு இத்தனை மிமீ என்று வேகத்தைக் கணக்கிட்டால், அதே மிமீதான் தொடும் இடம் நடுவிலிருந்து விலகும் தூரம். பேஸ் சர்க்கிள் (காமில் மேடு இல்லாத வட்டப் பகுதி) பெரிதா சிறிதா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

பக்கெட் விட்டம் 28 மிமீ. ஆரம் 14. ஆகவே வேகம் ரேடியனுக்கு 14 மிமீயைத் தொட்டால் லோப் பக்கெட்டின் விளிம்புக்கு வந்துவிடும். டிகிரிக் கணக்கில் அது காம் டிகிரிக்கு 0.244 மிமீ. லோபுக்கு அகலம் வேறு இருக்கிறது. 12 மிமீ அகல லோப் என்றால் மூலைதான் முதலில் விளிம்பைத் தாண்டும், அப்போது 14 இல்லை, சுமார் 12.6 தான் கிடைக்கும், டிகிரிக்கு 0.22. லிஃப்டை எவ்வளவு வேண்டுமானாலும் கேள், அங்கே போய்ச்சேரும் வேகத்துக்கு உன் பக்கெட் போட்ட வேலி இது.

இது எனக்குப் படித்துத் தெரிந்ததில்லை. இந்த எஞ்சினில் இடைவெளியைச் சரிசெய்யும் தகடான ஷிம் பக்கெட்டின் மேலே உட்கார்ந்திருக்கிறது, பக்கெட்டைவிடச் சிறிய வட்டம். 2003இல் ஒரு பெரிய காமை அப்படியே தூக்கிப் போட்டேன், லிஃப்ட் 9.7. எதையும் அளக்கவில்லை, "ஓடுது பார்" என்று நண்பர்களிடம் காட்டிக்கொண்டு திரிந்தேன். ஒரு விடியற்காலை ஐந்து மணிக்குப் பாலத்தின் நடுவில் நிமிடத்துக்கு 7000 சுற்றைத் தாண்டியதும் சுத்தியலால் அடித்தது போல ஒரு சத்தம். லோபின் விளிம்பு ஷிம்மின் ஓரத்தைக் கவ்வி வெளியே துப்பிவிட்டது. துப்பிய ஷிம் காமுக்கும் ஹெட்டுக்கும் நடுவில் சிக்கி, பக்கெட் உடைந்து, காம் கவர் பிளந்து, இழுவை லாரிக்குக் காசு கொடுக்க நண்பனை எழுப்பினேன். பினாங்கு பாலம் பதின்மூன்றரை கிலோமீட்டர். நான் நின்றது சரியாக நடுவில், இரண்டு கரையும் சம தூரம்.

போமன் (மெக்கானிக்) மேல் பழி போட வழியில்லை. போமனே நான்தான்.

10 ஜனவரி, கொஞ்சம் பிறகு

பெரிய லிஃப்ட் போடுகிறவர்கள் ஷிம்மைப் பக்கெட்டுக்கு அடியில் வைக்கும் வகைக்கு மாற்றுவது இதனால்தான். எடை குறைவதும் ஒரு லாபம், ஆனால் முதல் காரணம் துப்பாது என்பது.

13 ஜனவரி, ஞாயிறு

"ஸ்பிரிங்கைக் கெட்டியாகப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்று இன்னொருவர் எழுதியிருந்தார். அவருக்கும் சேர்த்து.

வால்வைத் திறப்பது காம். முழுதாகத் திறந்து திரும்பும் இடத்தில் அதைக் காமோடு ஒட்டவைப்பது ஸ்பிரிங். லோபின் மூக்கில், அதாவது உச்சியில், வால்வு வேகம் குறைந்து நின்று திரும்ப வேண்டும், அந்த இழுப்பு முழுக்க ஸ்பிரிங் கொடுக்க வேண்டியது. போதவில்லை என்றால் வால்வு காமை விட்டுப் பறக்கும், பிறகு எங்கே விழும் என்று அதற்கே தெரியாது.

கணக்கு போடுவோம். மூக்கில் முடுக்கம் ரேடியன் வர்க்கத்துக்கு 20 மிமீ என்று வை. வால்வு, பக்கெட், ஷிம், ரிட்டெய்னர், ஸ்பிரிங்கில் மூன்றில் ஒரு பங்கு, எல்லாம் சேர்த்து 120 கிராம். 7000 சுற்றில் விநாடிக்கு 733 ரேடியன், அதன் வர்க்கம் ஐந்து லட்சத்து முப்பத்தேழாயிரம் சொச்சம். பெருக்கினால் 1290 நியூட்டன் வருகிறது. நூற்று முப்பது கிலோ! ஒரு வால்வுக்கு! இந்த எஞ்சினில் பதினாறு வால்வு.

14 ஜனவரி

மேலே எழுதியது தப்பு. இரவெல்லாம் எதோ உறுத்திக்கொண்டே இருந்தது, காலையில் பாலத்து ஜாமில் நிற்கும்போதுதான் பிடிபட்டது. காம் கிராங்கில் பாதி வேகத்தில்தான் சுற்றும். 7000 கிராங்கினுடையது, காமுக்கு 3500. விநாடிக்கு 366.5 ரேடியன். பாதி வேகம், வர்க்கத்தில் கால்வாசி. சரியான விடை 322 நியூட்டன், சுமார் 33 கிலோ.

இருபது வருஷமாக வாரக்கடைசியில் எஞ்சின் பிரிக்கிறவன், வேலையில் நாள் முழுக்க மைக்ரான் அளக்கிறவன், நாலு ஸ்ட்ரோக்கின் முதல் பாடத்தைக் கோட்டைவிட்டேன். அழிக்கவில்லை, அப்படியே கிடக்கட்டும். அந்த 130 கிலோவை நம்பி யாராவது ஸ்பிரிங் வாங்கியிருந்தால் மன்னிக்கவும்.

ஒன்று மட்டும் மாறாது: சுற்று கூடினால் வர்க்கத்தில் கூடும். 8000க்குப் போனால் 421 நியூட்டன். ஆயிரம் சுற்று கூட, ஸ்பிரிங் முப்பது சதவீதம் கூட.

15 ஜனவரி

பொங்கல். வீட்டில் கேஸ் அடுப்புப் பொங்கல்தான், இருந்தாலும் பொங்கியது. காம் பேச்சு வேண்டாம் என்று உத்தரவு.

16 ஜனவரி

உத்தரவு முடிந்தது.

அப்புறம் ஏன் கெட்டியான ஸ்பிரிங்கை எல்லோரும் போடுவதில்லை? காரணம் ரெட்லைனில் இல்லை, ஜாமில் இருக்கிறது. அதிக சுற்றில் வால்வு தானே காமை விட்டுப் பறக்கப் பார்க்கிறது, அதனால் மூக்கில் ஸ்பிரிங்கின் பாரம் குறைந்துபோகிறது. ஐட்லிங்கில் பறக்க ஒன்றுமில்லை, ஸ்பிரிங்கின் முழு பாரமும் மூக்கின் மேல் உட்காரும். எண்ணெய்ப் படலமும் அங்கேதான் மெல்லியது. சாயங்காலம் பாலத்தில் ஒரு மணி நேரம் 800 சுற்றில் ஊர்கிறாயே, ரேஸ் ஸ்பிரிங் போட்ட காமின் மூக்கு அங்கேதான் தேய்கிறது. டிராக்கில் ஓட்டுகிறவனுக்கு இந்தத் தொல்லை குறைவு.

ஸ்பிரிங்குக்குச் சொந்த நடுக்கமும் உண்டு. காம் 3500இல் விநாடிக்கு 58 முறை அழுத்துகிறது, லோபின் வடிவத்துக்குள் அதன் மடங்குகள் ஒளிந்திருக்கும். எட்டாவது மடங்கு 467. உன் ஸ்பிரிங்கின் சொந்த அதிர்வும் அந்தப் பக்கம் இருந்தால், சுருள்கள் ஒன்றோடொன்று மோதித் தவிக்கும், பாரம் சொன்னபடி நிற்காது. லோப் முரட்டுத்தனமாக வெட்டப்பட்டிருந்தால், முடுக்கம் சட்டென்று குதிக்கும் இடங்கள் இருந்தால், மேல் மடங்குகள் பலமாக இருக்கும். வழவழப்பான வடிவத்துக்குப் பலவீனமான ஸ்பிரிங்கே போதும், முரட்டு வடிவத்துக்கு எதுவும் போதாது. சுருள் இடைவெளி ஒரு முனையில் நெருக்கமாக இருக்கிற ஸ்பிரிங்கைப் பார்த்திருப்பாய், அந்த நெருக்கமான முனை கீழே, ஹெட் பக்கம் வர வேண்டும். தலைகீழாகப் போட்ட ஹெட்டை நானே இரண்டு முறை பிரித்திருக்கிறேன்.

1999இல் செப்பாங் முதல் எஃப்1க்குப் புல்வெளி டிக்கெட்டில் போனேன். அந்தச் சத்தத்துக்குக் காரணமே ஸ்பிரிங் இல்லாததுதான். 1986இலேயே ரெனோ எஃப்1 எஞ்சினில் கம்பிச் சுருளை எடுத்துவிட்டுக் காற்றழுத்தத்தை வைத்துவிட்டார்கள். காற்றுக்குச் சுருள் இல்லை, நடுங்க ஒன்றும் இல்லை. நமக்கு அந்த வசதி இல்லை.

22 ஜனவரி

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை போய் வந்து கால் இன்னும் வலிக்கிறது. ரதம் நகர்கிற வேகத்தைப் பார்த்தபோது ராம்ப் ஞாபகம் வந்தது, சாமி குற்றம் ஆகாமல் இருக்கட்டும்.

வால்வு சட்டென்று திறக்கவும் கூடாது, சட்டென்று மூடவும் கூடாது. லோபின் இரண்டு ஓரத்திலும் மெதுவான சரிவு இருக்கும், அதுதான் ராம்ப். காம் டிகிரிக்கு 0.01 மிமீ என்று வைத்துக்கொள். 7000இல் காம் விநாடிக்கு 21,000 டிகிரி சுற்றுகிறது (பாதி போட்டேன், பாருங்கள்), ஆகவே வால்வு இருக்கையில் உட்காரும் வேகம் விநாடிக்கு 0.21 மீட்டர். கதவை மெதுவாகச் சாத்துவது போல.

இப்போது கிளியரன்ஸ், வால்வு மூடியிருக்கும்போது காமுக்கும் ஷிம்முக்கும் உள்ள இடைவெளி. இந்த எஞ்சினுக்கு எஞ்சின் ஆறியிருக்கும்போது இன்டேக் 0.15 முதல் 0.25 வரை, எக்ஸாஸ்ட் 0.20 முதல் 0.30 மிமீ வரை. ராம்பின் உயரம் இதை விழுங்குகிற அளவு இருக்கும். நீ 0.40 விட்டுவிட்டால் என்ன ஆகும்? ராம்ப் முழுவதும் காற்றில் வீணாகிவிடும், வால்வு லோபின் செங்குத்தான பக்கத்திலேயே மூடும். அங்கே டிகிரிக்கு 0.04 என்றால் விநாடிக்கு 0.84 மீட்டர், நாலு மடங்கு. டக் டக் என்கிற சத்தத்தைக் கேட்டு "ரேஸ் காம் அப்படித்தான் பாடும்" என்று சொன்னவர்களை எனக்குத் தெரியும். நானும் சொல்லியிருக்கிறேன். ஒரு வருஷம் கழித்து ஹெட்டைக் கழற்றினால் இருக்கைகள் அடிவாங்கிக் குழிந்திருந்தன.

23 ஜனவரி

அதற்காக இறுக்கியும் வைக்காதீர்கள். இரண்டு பேர் அப்படிப் புரிந்துகொண்டு எழுதியிருக்கிறார்கள். வால்வுத் தலையின் சூடு முக்கால்வாசி இருக்கை வழியாகத்தான் ஹெட்டுக்கு இறங்குகிறது. கிளியரன்ஸ் இல்லாமல் எக்ஸாஸ்ட் வால்வு முழுதாக உட்காரவில்லை என்றால் ஓரம் எரிந்து பிறை நிலா போலப் பிய்ந்துவிடும். சத்தம் வராது. சத்தம் வராததுதான் ஆபத்து.

26 ஜனவரி

ஒரு சின்ன விலகல். "பெரோடுவா மைவியில் டிவிவிடி இருக்கிறதே, அதைப் போல ஒன்றை மாட்டினால் காம் அரைக்கவே வேண்டாமே" என்ற கேள்வி. இரண்டும் வேறு. டிவிவிடி வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் ஏற்பாடு, காமை முன்னும் பின்னும் திருப்புகிறது, வடிவம் அதே வடிவம்தான். மலையை இடம் மாற்றலாம், உயரம் மாறாது. வடிவத்தையே மாற்றுவது வேறு கதை. 1989இல் இன்டெக்ராவில் ஹோண்டா கொண்டுவந்த பி16ஏ அதைத்தான் செய்தது. தாழ்ந்த சுற்றுக்கு ஒரு லோப், உயர்ந்த சுற்றுக்கு இன்னொன்று, ராக்கர்களைப் பூட்ட ஒரு பின், 1.6 லிட்டரில் 160 பிஎஸ். நம்ம ஊர் புரோட்டானின் காம்ப்ரோ சிபிஎஸ் எஞ்சின் 2008இல் வந்தபோது ராக்கர் இல்லாமலே அதைச் செய்தார்கள். ஒரு வால்வுக்கு மூன்று லோப், பூட்டும் பின் பக்கெட்டுக்குள்ளேயே. அந்தப் பக்கெட்டுகளில் ஒன்றைக் கையில் வைத்து ஒரு சாயங்காலம் முழுக்கத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், தே தாரிக் ஆறிப்போனது.

ஒரே லோபில் ஐட்லிங்கும் வேண்டும், 7500ம் வேண்டும் என்று கேட்பதில் இருக்கிற கஷ்டத்தைத் தெரிந்துகொள்ள இவற்றைப் பார்த்தாலே போதும். இதற்காகத்தான் இத்தனை பின்னும் எண்ணெய் வழியும்.

7 பிப்ரவரி

சீனப் புத்தாண்டுக்கு அரைக்கும் கடை பூட்டியிருக்கிறது, தம்பி முன்பணம் கொடுத்துவிட்டதாகச் சொல்கிறான். அவசரப்பட்டுவிட்டாய். சரி, இப்போதாவது அரைத்தால் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன், இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

பழைய லோபில் இரும்பைக் கூட்ட முடியாது. ஆகவே பேஸ் சர்க்கிளைக் குறைக்கிறார்கள். மூக்கு அப்படியே இருக்க, கீழே இறங்கினால் லிஃப்ட் கூடியது போலக் கணக்கு. பேஸ் சர்க்கிள் 1 மிமீ இறங்கினால் ஷிம் 1 மிமீ தடிக்க வேண்டும், அது சின்ன விஷயம். பெரிய விஷயம் மூக்கின் ஆரம். தட்டைப் பக்கெட்டுக்கு அது இப்படி வரும்: பேஸ் ஆரம், அதோடு லிஃப்ட், அதிலிருந்து மூக்கின் முடுக்கம் கழிய. 15 கூட்டல் 9 கழித்தல் 20, விடை 4 மிமீ. பேஸ் 14 ஆனால் 3 மிமீ. ஒரு மிமீதானே என்று நினைக்காதே. ஆரம் குறையக் குறைய, தொடும் இடத்தின் அழுத்தம் அதன் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் ஏறுகிறது, அதே ஸ்பிரிங்குக்கே பதினைந்து சதவீதம் கூட. அதன் மேல் நீ கெட்டி ஸ்பிரிங் போடுவாய். அதோடு பாலத்து ஜாம்.

இன்னொன்று, வார்ப்பிரும்புக் காமின் மேல்தோல்தான் கடினம். ஆழமாக அரைத்தால் அந்தத் தோல் போய்விடும், உள்ளே இருப்பது மென்மை.

10 பிப்ரவரி

மறுபடி படித்தேன், கொஞ்சம் கடுமையாகப் போய்விட்டது. அரைத்த காமே ஆகாது என்று நான் சொன்னால் அது பொய். என் முதல் கார் ராக்கர் வைத்த ஒரு காம் எஞ்சின், அதில் அரைத்த காமோடு ஐந்து வருஷம் கேமரன் மலை வரை ஏறி இறங்கினேன். ராக்கரில் காமின் லிஃப்டை ராக்கர் பெருக்கிக் கொடுக்கிறது, ஆகவே லோபில் கொஞ்சம் எடுத்தாலே போதும். திருகைத் திருப்பிக் கிளியரன்ஸ் வைக்கலாம், ஷிம் தேட வேண்டாம். அதை அரைத்த தவுக்கேயும் (கடை முதலாளி) வித்தை தெரிந்தவர், ஒரு மாஸ்டர் காமை வைத்து அதன் மேல் உருட்டி அரைப்பார், ராம்பைத் தொடவே மாட்டார். அவர் கடை இப்போது இல்லை.

அரைப்பதில் தப்பில்லை, யாரிடமிருந்து எந்த வடிவத்தை நகல் எடுக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம். "யார் அரைத்தால் என்ன" என்று கேட்டாயே, அந்தப் பாதிக் கேள்விக்கு இப்போதுதான் பதில் சொல்லியிருக்கிறேன்.

24 பிப்ரவரி

காம் வந்துவிட்டதாம். எஞ்சினில் போடுவதற்கு முன்னால் என் வீட்டுக்குக் கொண்டுவா. டிகிரி வீல், டயல் கேஜ் என்னிடம் இருக்கிறது. பிளாஸ்டிசின் மட்டும் வாங்கி வா, பிஸ்டனுக்கும் வால்வுக்கும் உள்ள இடைவெளி பார்க்க. போன தடவை என் மகன் பள்ளிப் பையிலிருந்து எடுத்துவிட்டேன், அவன் செய்து வைத்த யானைக்குத் துதிக்கை இல்லாமல் போய்விட்டது.

3 மார்ச், ஞாயிறு

காலை ஒன்பதுக்கு ஆரம்பித்து மூன்று மணி வரை போர்டிகோவில் அளந்தோம். இரண்டு டிகிரிக்கு ஒரு வாசிப்பு, தம்பி சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.

0.1 மிமீயில் அளந்தால் 286. சொன்னதற்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டது, கடைக்காரர் பொய் சொல்லவில்லை. 1 மிமீயில் அளந்தால் 222. என்னிடம் இருக்கிற அசல் காமை அதே இடத்தில் அளந்ததைவிடப் பதினான்கு டிகிரிதான் கூட. மீதி எல்லாம் ராம்ப். நீளமான, தூங்குமூஞ்சி ராம்ப். வால்வு திறந்தும் திறக்காமலும் அத்தனை நேரம் நிற்கும், ஐட்லிங் கெடும், பிரேக் பூஸ்டருக்கு வேக்குவம் குறையும், சக்தி மட்டும் வராது. லிஃப்ட் 8.3. ஒன்பது இல்லை.

அதைவிட மோசம், பேஸ் சர்க்கிள் வட்டமாகவே இல்லை. ஒரு சுற்றில் 0.06 மிமீ ஏறி இறங்குகிறது. கிளியரன்ஸை 0.20 என்று வைத்தால் எந்த இடத்தில் வைத்தாய் என்று கேட்க வேண்டும். முதல் சிலிண்டரின் லோபும் மூன்றாவதன் லோபும் உச்சிக்கு வரும் இடைவெளி, இருக்க வேண்டியதிலிருந்து மூன்று கிராங்க் டிகிரி விலகியிருக்கிறது.

நல்லதும் ஒன்று உண்டு: வேகம் டிகிரிக்கு 0.19ஐத் தாண்டவில்லை. ஷிம்மைத் துப்பாது. பாலத்தின் நடுவில் நிற்க மாட்டாய்.

தம்பி ஒன்றும் பேசவில்லை, இரண்டாவது தட்டு மீ கோரிங்கைக் காலி செய்துவிட்டு, "உங்களிடம் இருக்கிற அசல் காமையே போட்டு, திருப்பி வைக்கக்கூடிய காம் புல்லி ஒன்று வாங்கி டைமிங் மட்டும் பார்க்கலாமா அண்ணே" என்றான். பார்க்கலாம். இன்டேக்கை இரண்டு டிகிரி முன்னால், பிறகு இரண்டு டிகிரி பின்னால், எது உனக்குப் பிடிக்கிறது என்று பார். காசு புல்லிக்கு மட்டும்தான்.

4 மார்ச்

தம்பி, அசல் ஷிம் அளவு எழுதிய தாளை என் மேசையில் விட்டுப்போய்விட்டாய். பதினாறு அளவும் அதில்தான் இருக்கிறது. ஹெட்டை மூடாதே, சாயங்காலம் ஷிப்ட் முடிந்து கொண்டுவருகிறேன்.